இரண்டு இருபதுக்குப் புறப்படும் அம்மன்

எங்கள் ஊர் ஆற்றங்கரை அம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா அழைப்பிதழை வாசிப்பவர்கள் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். காலை ஆறு, எட்டரை, மாலை ஏழு என்று நிகழ்ச்சிகள் எல்லாம் முழு மணியிலும் அரை மணியிலும் அடங்கி நிற்க, மூன்றாம் நாளான வியாழக்கிழமைக்கு நேரே மட்டும் ‘பிற்பகல் 2.20: அம்மன் கைப்புறப்பாடு’ என்று அச்சிட்டிருக்கும். அந்த இருபது நிமிடத்துக்கு நானும் ஒரு காரணம். ஆதலால் இதை எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியவர் விழாக்குழுச் செயலாளர் செல்வராசு. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர். கோயிலுக்கு உழைப்பதில் குறை சொல்ல முடியாதவர். சென்ற மாதம் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“ஐயா, கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாதீக. வியாழக்கெழம ஒண்ணரைலருந்து மூணு வரைக்கும் ராகு காலம். எந்த ஊர்லயாவது ராகு காலத்துல சாமி பொறப்படுமா? அதுலயும் ஆத்தாளுக்கு ஒரு பூ கெடையாது, நகை கெடையாது, பல்லக்கு கெடையாது. உச்சி வெயில்ல பூசாரி இடுப்புப் பிள்ளையத் தூக்குற மாதிரித் தூக்கிட்டுப் போறாரு. வெளியூர்க்காரவுக வீடியோ எடுத்துப் போட்டுச் சிரிக்கிறாக.”

“நிறுத்தீரலாம்னு முடிவு பண்ணிட்டீகளா?”

“இன்னும் இல்ல. குழுவுல பாதிப் பேரு நிறுத்தணும்கிறாக. வெள்ளம் வந்தா ஊதுறதுக்குத்தான் இப்பக் கரையில சைரன் வச்சாச்சே. ஏன் இந்தப் பொறப்பாடுன்னு கேட்டா, ஒருத்தருக்கும் தெரியல. ஆத்தாளே எந்திரிச்சு நடந்தான்னு ஒருத்தர் சொல்றாரு. நீங்க அன்னைக்கு இருந்தவுக. எழுதிக் குடுங்க, கூட்டத்துல வாசிக்கிறோம். அதுக்கப்பறம் முடிவு பண்றோம்.”

எனவே விழாக்குழுவினர் இதைச் செவிமடுக்க வேண்டுகிறேன். ஒரு புறப்பாடு நிலைப்பதும் நிற்பதும் உங்கள் கையில் இருக்கிறது. அது எப்படிப் பிறந்தது என்பதைக் கண்டவன் சொல்லக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் நீர்ப்பாசனப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் ஊழியம் செய்தவன். லஸ்கராகச் சேர்ந்தேன்; அதாவது கால்வாய் மதகுகளின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலிருந்து வரும் உத்தரவுப்படி திறந்தும் மூடியும் வைக்கும் ஆள். சைக்கிளில் கரையோரமாகப் போய், எலி வளை தோண்டிய இடத்தையும் கள்ளத்தனமாகக் குழாய் செருகிய இடத்தையும் கண்டுபிடித்துச் சொல்வதில் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. பின்னர் பணி ஆய்வாளர் ஆனேன். ஊரார் எந்தப் பதவியையும் கண்டுகொள்ளவில்லை. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எனக்குத் ‘தண்ணிக்காரர்’ என்றே பெயர்.

இன்னொரு கல்வியும் எனக்கு இருந்தது. என் தந்தையார் பதிகங்களை ஓதுவதில் தேர்ந்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எனக்குப் பண்ணோடு பாடல்கள் மனனமாகிவிட்டன. விடியலில் நீராடி, நீறணிந்து, ஒரு பதிகம் முற்ற ஓதாமல் நான் சாவியைத் தொட்டதில்லை. இந்தப் பழக்கமே வேலைக்கு வெளியே நிற்காமல் வேலைக்குள் நுழைந்து, ஒருநாள் மேலதிகாரியிடம் என்னை மாட்டிவைத்தது.

அந்த மேலதிகாரி உதவிப் பொறியாளர் தர்மலிங்கம். மதுரைப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. இடது மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அது தவறினால் சரிபார்க்கச் சட்டைப் பையில் இன்னொன்று. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எந்தப் பேச்சையும் ஒரே கேள்வியோடு ஆரம்பிப்பார்.

“மணி என்ன, சொக்கலிங்கம்?”

“பத்து இருக்கும் சார்.”

“இருக்கும்னா? பாத்துச் சொல்லுங்க.”

“ஒம்போது ஐம்பத்தி நாலு சார்.”

“இப்பச் சொல்லுங்க, தண்ணி எவ்வளவு?”

ஆற்றின் கரையில் சென்டிமீட்டர் குறித்த அளவுக்கல் நட்டிருக்கும். சாதாரண நாளில் மணிக்கு ஒரு முறை, திருவிழா நாளில் கால் மணிக்கு ஒரு முறை அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நேரம், நீர்மட்டம், நீரின் நிறம், குறிப்பு என நான்கு கட்டங்கள். குறிப்புக் கட்டத்தில் பெரும்பாலோர் ஒன்றும் எழுதுவதில்லை. தர்மலிங்கம் சார் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

நீரின் வேகத்தை அளப்பதற்கு ஐம்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கற்கள் நட்டிருந்தோம். மேல் கல்லருகே ஏதேனும் மிதப்பதைப் போட்டு, கீழ்க் கல்லைத் தாண்ட எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது முறை. நான் தேங்காய் மட்டையைப் போடுவேன். நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன், பதிகம் பாடுவேன். ஒரு பாடல் முடிவதற்குள் மட்டை தாண்டினால் நல்ல ஓட்டம், இரண்டாம் பாடலின் மூன்றாம் அடியில் தாண்டினால் நடுத்தரம் என்று என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. எட்டாண்டு இப்படி அளந்திருக்கிறேன். யாரும் குறை கண்டதில்லை.

ஒருநாள் அவர் பின்னால் வந்து நின்றதை அறியாமல் பாடிக்கொண்டிருந்தேன். முடித்ததும் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக் காட்டினார்.

“நேத்து இதே பாட்டு நாப்பத்தி ரெண்டு செகண்டு. இன்னைக்கு ஐம்பத்தி ஒண்ணு.”

“இன்னைக்குப் பிரதோஷம் சார். மனசு லயிச்சிருச்சு.”

“லயிக்கட்டும், வேணாங்கல. பக்தி கூடுனாப் பாட்டு இழுக்கும். ஆத்துக்கு அது தெரியாதுல்ல?” என்றவர், அந்தக் கடிகாரத்தை என் கையில் வைத்தார். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். பாட்டு சாமிக்கு, இது ஆத்துக்கு. அப்பறம், மட்டையக் காத்து தள்ளும். எலுமிச்சம்பழம் போடுங்க; முக்காவாசி முங்கி மிதக்கும்.”

எலுமிச்சம்பழம் அம்மன் பாதத்தில் வைப்பது. அதை அளவுக்காக ஆற்றில் எறிவதா என்று எனக்கு உறுத்தியது. சொன்னேன். “கடையில வாங்குன பழந்தான. இன்னும் யாரு பாதத்துலயும் வைக்கலையே” என்றார். அன்றிலிருந்து எலுமிச்சையும் கடிகாரமும். என் பழைய எட்டாண்டு அளவுகளை நினைத்து மட்டும் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமுண்டு.

அவர் கோயிலுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. குங்குமம் கொடுத்தால் மறுக்காமல் வாங்குவார். நெற்றியில் இடாமல் ஒரு தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். அவருக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று அலுவலகம் முழுக்க ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நானும் அப்படித்தான் எண்ணினேன்.

இனி அந்த வியாழக்கிழமை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

திருவிழாவுக்கு முன்பே கோயில் வாசலில் மூன்று கிளையுள்ள கம்பத்தை நடுவதையும், அதை ஈசனாகவே எண்ணி மக்கள் நாள்தோறும் ஆற்று நீரை எடுத்துவந்து ஊற்றுவதையும் நீங்கள் அறிவீர்கள். கோடையில் ஆற்றில் நீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடும். அந்த ஆண்டு கணுக்காலைத் தாண்டவில்லை. குடத்தைச் சாய்த்துப் பிடித்துச் செம்பால் மொண்டு நிரப்ப வேண்டிய நிலை. பதினைந்து நாளாகப் பெண்கள் அந்தக் குறையைப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அன்று காலை தர்மலிங்கம் சார் விடுப்பில் இருந்தார். நான் அறிய அவர் எடுத்த முதல் விடுப்பு. விண்ணப்பத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று மட்டும் எழுதியிருந்தார். பங்குனியில் அவர் மகளுக்கு அம்மை பார்த்திருந்தது எனக்குத் தெரியும். குடியிருப்பு வாசலில் வேப்பிலை செருகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குத்தான் மறுபடி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றங்கரைப் பொறுப்பு முழுவதும் என்மேல்.

பிற்பகல் 1.35-க்குக் கோயில் அலுவலகத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். சுருளிப்பட்டிக்குப் பக்கத்துத் தடுப்பணையில் இருந்த லஸ்கர் பாண்டி பேசினார்.

“அண்ணே, மேகமலைப் பக்கம் காலைலருந்து கருகருன்னு கெடந்துச்சுல்ல, கொட்டித் தீத்துருச்சு போல. இங்கன தண்ணி செங்காவியா வருது. அளவுக்கல்லக் காணோம்ணே, முங்கிருச்சு.”

“எப்பருந்து?”

“ஒண்ணரைக்குப் பாத்தேன். மரமெல்லாம் அடிச்சுட்டு வருது.”

அங்கிருந்து எங்கள் துறைக்குக் கோடை வெள்ளம் வந்துசேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும் என்று சார் அளந்து வைத்திருந்தார். அப்படியானால் 3.20. கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் போதுமானது. நடைமுறை எனக்கு மனப்பாடம்: ஒலிபெருக்கியில் அறிவிப்பு, காவலர்களுக்குத் தகவல், பதிவேட்டில் குறிப்பு. மைக்செட் இஸ்மாயிலிடம் ஓடினேன். அவர் அறிவித்தார்.

“பக்தகோடிகள் அனைவருக்கும் அறிவிப்பு. மேகமலையில் பலத்த மழை பெய்துள்ளதால் நமது ஆற்றில் தண்ணீர் வருகிறது. மிகுந்த தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது…”

இதுவே நான் செய்த பிழை. முப்பத்தாறாண்டு ஊழியத்தில் இதைவிடப் பெரிய பிழையை நான் செய்யவில்லை. பதினைந்து நாளாகத் தண்ணீருக்கு ஏங்கிய ஊரில், திருவிழா நாளில், ஒலிபெருக்கி வைத்துத் தண்ணீர் வருகிறது என்று சொன்னால் என்ன ஆகும்?

படித்துறையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குலவை எழுந்தது. புளிய மர நிழலில் படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை கழுவாமல் ஓடிவந்தார்கள். “ஆத்தா தண்ணி அனுப்பிட்டாடீ! புதுத் தண்ணி மொண்டு மொதக் கொடம் நாமதான் ஊத்தணும்!” என்று ஒரு பெண் என்னை இடித்துக்கொண்டு படி இறங்கினாள். ஆற்றில் முன்னூறு பேர் நின்ற இடத்தில் கண்முன்னே அறுநூறு பேர் ஆனார்கள். காவலர்கள் விசில் ஊதினார்கள். என்ன வேடிக்கை என்று பார்க்க இன்னும் கொஞ்சம் பேர் இறங்கினார்கள்.

இஸ்மாயில் மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தண்ணிக்காரரே, என்னத்தச் சொல்லச் சொன்னீக? கூப்புட்ட மாதிரியில்ல போயிருச்சு?”

“ஆபத்துன்னு சொல்லுங்க. உயிருக்கு ஆபத்துன்னு சொல்லுங்க.”

“சொல்றேன். ஆனா அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல அந்த ஒத்தப் படியில ஏறுனா மிதிபட்டே சாவாக. யோசிங்க.”

அவர் சொன்னது உண்மை. படித்துறை ஒன்று, அகலம் இருபது அடி, பாசி பிடித்த கல். அச்சுறுத்தி ஏற்றவும் முடியாது, அழைத்து இறக்கியும் விட்டேன். மணி 1.58. என் நாவில் பதிகம் தானாக வந்தது. ஆனால் கையில் இருந்த கடிகாரம் அதைவிட உரக்கப் பேசியது.

இந்த மக்கள் எதைக் கண்டால் ஆற்றுக்கு முதுகைக் காட்டுவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான். கோயிலுக்குள் ஓடினேன்.

வீரணப் பூசாரி உச்சிக்கால பூசை முடித்துத் தூணில் சாய்ந்திருந்தார். எழுபது வயது, கட்டையான ஆள், வாயில் எப்போதும் ஒரு கேலி உண்டு.

“என்ன தண்ணிக்காரரே, மூச்சு வாங்குது? நீங்க தொறந்துவிட்ட தண்ணி உங்களையே தொரத்துதாக்கும்?”

விவரத்தைச் சொன்னேன். கேலி போய்விட்டது.

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“அம்மனைப் புறப்பாடு பண்ணுங்க. மேலத் தெருப் பக்கமா. கொட்டுச் சத்தம் கேட்டா ஒவ்வொரு படியா ஏறி வந்துருவாக. ஓட மாட்டாக, கும்புட்டுக்கிட்டே வருவாக.”

“ராகு காலமய்யா. வெளக்கு வைக்காம ஆத்தா வாசல் தாண்டுனதே கெடையாது. பல்லக்குத் தூக்குற பயலுக நாலு பேரும் ஆத்துல கெடக்கானுக. பூ வாடிப் போச்சு, சாயங்காலப் பூ இன்னும் வரல. என்னன்னு சொல்லித் தூக்க?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். பொய் சொல்லச் சொல்லல. கொட்டு மட்டும் அடிக்கச் சொல்லுங்க.”

அவர் கருவறையைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் அறிவேன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் அவருடைய எழுபது ஆண்டு ஒழுக்கம் ஒருபுறமும் ஆற்றில் நிற்பவர்கள் மறுபுறமும் இருந்ததை நான் குறுக்கிட்டுக் கெடுக்கவில்லை. வழிபாட்டில் ஊறியவனுக்கு ஒரு நியமத்தை மீறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியாததா?

பிறகு அவர் கேட்டார்: “அவ பிள்ளைக தண்ணிக்குள்ள நிக்கிதுக. அவ மட்டும் உள்ள உக்காந்து என்ன செய்யப் போறா?”

உள்ளே போனார். உற்சவ அம்மனைப் பீடத்திலிருந்து எடுத்து, வாடிய மாலையைக் களைந்து, ஒரு மஞ்சள் துணியை மட்டும் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டார். கொட்டுக்காரர்கள் சாப்பாட்டு இலையிலிருந்து எழுந்துவந்தார்கள். அவர் வாசற்படியைத் தாண்டியபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 2.20. பதிவேட்டில் குறித்துக்கொண்டேன்.

கொட்டு முழங்கியது. ஆற்றில் நின்ற அறுநூறு தலைகளும் திரும்பின. “ஏலே, ஆத்தா பொறப்பட்டுட்டாடா, இந்நேரத்துல!” என்று எவனோ கத்தினான். குடத்தைத் தலையில் வைத்தவர்கள் வைத்தபடி, பிள்ளையைத் தோளில் போட்டவர்கள் போட்டபடி படியேறினார்கள். தள்ளுமுள்ளு இல்லை. அம்மனுக்கு முன்னால் யாரும் ஓடுவதில்லை, நடக்கிறார்கள். பூசாரி அவசரப்படவில்லை. மேலத் தெருவில் பத்தடிக்கு ஒருமுறை நின்று, கூட்டத்தைத் தம் பின்னால் இழுத்துக்கொண்டே போனார். 2.50-க்குப் படித்துறை வெறுமையாக இருந்தது. ‘ஆற்றில் ஆள் இல்லை’ என்று எழுதினேன்.

எழுதிய பிறகுதான் கீழ்வளைவைப் பார்த்தேன்.

படித்துறைக்கு இருநூறு கஜம் கீழே, ஆற்றுக்கு நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே நான்கு பேர் நின்றார்கள். அம்மை கண்டு தேறியவர்களுக்காக நேர்ந்துகொண்டு, உடம்பெல்லாம் ஆற்றுச் சேற்றைப் பூசி வேப்பங்குலையோடு கோயிலுக்கு நடக்கும் சேற்றாண்டி வேடக்காரர்கள். காதுக்குள்ளும் சேறு. அதனால் கொட்டும் கேட்கவில்லை; வளைவில் ஆலமரம் மறைத்ததால் அம்மனும் தெரியவில்லை.

கரையோரமாக ஓடினேன். கயிறு தேடி எடுத்துக்கொண்டு நீரில் இறங்கியபோது கணுக்கால் சில்லிட்டது. கோடைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சில்லிட்டால் அது மலைத் தண்ணீர். அதன் முதல் விரல் வந்துவிட்டது என்று பொருள். சருகும் நுரையும் காலைச் சுற்றின. கையை வீசிக் கத்தினேன். மூவர் பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, என்னைக் கடந்து கரைக்கு ஓடினார்கள். நான்காமவர் கண்ணை மூடி, வேப்பிலையை வாயில் கவ்வி, கிழக்கே பார்த்து நின்றார்.

திட்டை அடைந்தபோது தண்ணீர் என் முழங்காலுக்கு மேல். அவர் கையைப் பற்றி இழுத்தேன். சேறு வழுக்கியது. இரண்டாம் முறை கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இழுத்தேன். கண்ணைத் திறந்தார். வேப்பிலையைத் துப்பினார்.

“மணி என்ன?”

“மூணு ஏழு சார்” என்று என் வாய் சொல்லிவிட்டது. ‘சார்’ என்று சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

“எத்தனைக்கு வரணும்?”

“மூணு இருபது.”

“அப்ப ஏன் நிக்கிறீக? நடங்க.”

இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். நடுவில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. நான் பதிகத்தை வாய்விட்டே ஓதினேன், அவர் தடுக்கவில்லை. கரையேறி ஆலமர வேரைப் பற்றியபோது சேறெல்லாம் கழுவிப்போய் அவர் முகம் தெரிந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே வெள்ளம் சுவர்போல வளைவைத் திரும்பி வந்தது. மணல்திட்டைக் காணவில்லை. வேரோடு பெயர்ந்த மரமொன்று படித்துறையின் கடைசிக் கல்லை இடித்துக்கொண்டு போயிற்று. அவர் என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

“மூணு பதினேழு. மூணு நிமிஷம் முந்திருச்சு. குறிச்சுக்கங்க” என்றார்.

மகளுக்கான வேண்டுதலா என்று நான் கேட்கவில்லை. மடித்து மடித்துப் பையில் வைத்த குங்குமப் பொட்டலங்கள் எங்கே போயின என்பது மட்டும் எனக்கு விளங்கிற்று.

மறுநாள் காலை சட்டை மடிப்புக் கலையாமல் அலுவலகம் வந்தார். பதிவேட்டைக் கேட்டார். நின்றபடியே வாசித்தார். ‘2.50: ஆற்றில் ஆள் இல்லை’ என்ற வரியில் விரல் நின்றது. “தப்பு. நாலு பேரு இருந்தாக” என்று அடித்துத் திருத்திக் கையெழுத்திட்டார். அந்த நால்வரில் ஒருவர் யார் என்பதை அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அடுத்து ‘1.45: ஒலிபெருக்கி அறிவிப்பு’ என்ற வரி. குறிப்புக் கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன்.

“அறிவிப்புக்கு அப்பறம் என்ன ஆச்சு?”

சொன்னேன்.

“அப்ப அத எழுதுங்க.”

‘அறிவிப்பால் ஆற்றில் இறங்கியோர் தொகை கூடியது’ என்று என் கையால் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதக் கூசிய வரி அது ஒன்றே. இன்று உங்களுக்குச் சான்றாக இருப்பதும் அதுவே. படி எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அன்று மாலையே அவர் என்னை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். செருப்பைக் கழற்றி, முதன்முறையாக உள்ளே வந்தார். பூசாரியிடம் கேட்டார்.

“நேத்துச் செஞ்சத ஒவ்வொரு வருஷமும் செய்வீகளா?”

“வருஷா வருஷம் வெள்ளமா வரும்?”

“வராது. வர்றப்பப் புதுசாச் செய்ய முடியாது, அதான். நேத்து நீங்க யோசிக்க நாலு நிமிஷம் ஆச்சு, கொட்டுக்காரவுக வர அஞ்சு நிமிஷம் ஆச்சு. பழகியிருந்தா அது மிச்சம். சனங்களுக்கும் கால் பழகணும். அதே நாளு, அதே நேரம். பூ, பல்லக்கு எதுக்கும் காத்திருக்கக் கூடாது.”

பூசாரி சிரித்தார். “பொறியாளரய்யா ஆத்தாளுக்கே ட்ரெயினிங் குடுக்குறாக” என்றார். ஆனால் ஒப்புக்கொண்டார். ஒருமுறை தன் பிள்ளைகளுக்காகப் புறப்பட்டவள் மறுமுறை மாட்டேன் என்று சொல்ல மாட்டாள் என்பது அவருடைய வாதம். அவர் காலமான பின்னும் அவர் மகன் அதே மஞ்சள் துணியோடு அதை நடத்திவருகிறார்.

ஆதலால் அம்மனுக்குப் பூவும் நகையும் இல்லாதது குறையன்று; காத்திருக்க நேரமில்லாத ஒரு தாயின் கோலம் அது. ராகு காலம் என்பதும் மெய்தான். வெள்ளம் நேரம் பார்த்து வருவதில்லை. அம்மனே எழுந்து நடந்தாள் என்று சொல்பவரிடம் நான் வழக்காடவும் மாட்டேன். வீரணப் பூசாரியின் இடுப்பில் இருந்துகொண்டு அவள் நடந்தாள், நான் பார்த்தேன்.

சைரன் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

சென்ற ஆண்டு அந்த வியாழக்கிழமை, வழக்கம்போல் தர்மலிங்கம் சார் மதுரையிலிருந்து வந்திருந்தார். ஓய்வு பெற்றவர், கையில் ஊன்றுகோல், கடிகாரம் மட்டும் மாறவில்லை. ஆண்டுதோறும் படித்துறையின் மேல்படியில் அவரும் நானும் நிற்பது வழக்கம். அண்மையில், இந்தக் கட்டுரையில் அந்த நான்காமவர் யார் என்று எழுதலாமா எனக் கேட்டபோதும், “எழுதுங்க. மணியச் சரியா எழுதுங்க” என்றே அனுமதி தந்தார்.

புதிதாகப் பொருத்திய சைரனை அன்று இரண்டேகாலுக்குச் சோதனைக்காக ஊதினார்கள். பத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். பந்தலில் ஒரு குரல்: “ஏத்தா, தண்ணி தொறந்துட்டாகடீ!” குலவை எழுந்தது. புளிய மர நிழல் காலியானது. குடமும் செம்புமாகப் பெண்களும் ஆண்களும் படியிறங்கினார்கள். அவர்களுக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பித்தளைச் செம்போடு செயலாளர் செல்வராசுவும் இறங்கினார். அவர் இதை மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

எனக்கு அந்தப் பழைய நாளின் குளிர் கணுக்காலில் ஏறியது. சார் அசையவில்லை.

“சொக்கலிங்கம், மணி என்ன?”

“ரெண்டு பதினெட்டு சார்.”

“ரெண்டு நிமிஷம் பொறுங்க.”

பொறுத்தோம். கோயிலுக்குள் கொட்டு முழங்கியது. ஆற்றுக்குள் நின்ற தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. செம்பு நிரம்பாமலே செல்வராசு முதல் ஆளாகப் படியேறி வந்தார்.